ஹெல்மெட்டோடு வசந்தத்தை வரவேற்கும் அலபாமா

மார்ச் பிறந்துவிட்டால் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பூக்களுக்குப் பஞ்சமில்லை. தெற்குக் கோடியில், மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிய மொபீல் நகரத் தெருக்களில் அசேலியா புதர்கள் இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகப் பூத்துக் குலுங்கும். வடக்கே போகப் போக, டாக்வுட் மரங்கள் இலை விடுவதற்கு முன்பே வெள்ளைப் பூக்களோடு நிற்கும். பைன் மரங்களின் மகரந்தம் மஞ்சள் பொடியாக எல்லாக் கார்கள் மீதும் படிந்திருக்கும்.

அதே நாட்களில் வீடுகளுக்குள் இன்னொரு வேலையும் நடக்கும். ரேடியோவுக்குப் புது பேட்டரி போடுவது, டார்ச் எரிகிறதா என்று பார்ப்பது, பிள்ளைகளின் சைக்கிள் ஹெல்மெட்டைத் தேடி எடுத்து வீட்டின் நடு அறையில் வைப்பது. சைக்கிள் ஓட்டப் போவதற்கான ஏற்பாடு அல்ல. வீட்டின் கூரை பறந்தால் தலையாவது தப்ப வேண்டும் என்பதற்காக!

‘புயல்’ என்ற சொல் இங்கே நம்மைக் கொஞ்சம் குழப்பிவிடும். கடலில் உருவாகி, பெயர் வைக்கப்பட்டு, நாள்கணக்கில் ஊர்ந்து வரும் புயல் அல்ல இது. டொர்னாடோ எனப்படும் இந்தச் சுழல்காற்றுக்குப் பெயர் கிடையாது. இடியும் மழையுமாக வரும் ஒரு மேகத்தின் அடியிலிருந்து தும்பிக்கை போல இறங்கும். ஒரு தெருவைத் துடைத்துவிட்டு அடுத்த தெருவை அப்படியே விட்டுவிட்டுப் போகும். பல டொர்னாடோக்களின் ஆயுளே சில நிமிடங்கள்தான்.

இதற்கான சரக்கு கிளம்புவது மொபீல் பக்கத்திலிருந்துதான். அமெரிக்காவில் மழை மிகுந்த நகரங்களில் மொபீலும் ஒன்று. ஆண்டுக்குச் சராசரியாக 1,600 மி.மீ.க்கு மேல் பெய்கிறது. வளைகுடாவின் வெதுவெதுப்பான ஈரக்காற்று தரையை ஒட்டி வடக்கு நோக்கி வீசும். அதே நேரம், உயரே மேற்கிலிருந்து குளிர்ந்த, வறண்ட காற்று வெகு வேகமாக வரும். கீழே ஒரு திசை, மேலே ஒரு திசை. கீழே நிதானம், மேலே வேகம். நடுவில் மாட்டிய காற்று, சப்பாத்திக் கட்டையை உருட்டுவது போலப் படுக்கைவாட்டில் உருளத் தொடங்கும். வெப்பக்காற்று மேலே எழும்பும்போது அந்த உருளையையும் நிமிர்த்திவிடும். முழு மேகமும் மெல்லச் சுழல ஆரம்பிக்கும். ‘சூப்பர்செல்’ என்பது இதைத்தான். சூப்பர்செல் எல்லாமே டொர்னாடோவைப் பெற்றெடுப்பதில்லை. எது பெற்றெடுக்கும் என்று முன்கூட்டியே அறுதியிட்டுச் சொல்ல இன்றைக்கும் வழியில்லை.

டொர்னாடோ என்றதும் சினிமாவில் பார்த்த ஓக்லஹோமா, கான்சாஸ் சமவெளிகள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அங்கே தூரத்தில் வருவதைக் கண்ணால் பார்த்துவிடலாம். அலபாமாவில் அது நடக்காது. மேடும் பள்ளமும், எங்கு திரும்பினாலும் பைன் காடுகளும், வளைந்து வளைந்து போகும் சாலைகளும் கொண்ட ஊர்கள். மழைத்திரைக்குப் பின்னால் மறைந்தே வரும் சுழல், மரங்களைத் தாண்டி வாசலுக்கு வந்த பிறகுதான் தெரியும். பலமுறை இரவில் வருகிறது. மணிக்கு 80, 90 கி.மீ. வேகத்தில் நகர்கிறது. போதாததற்கு, வசந்தத்தில் ஒரு சீசன், நவம்பர் வாக்கில் இன்னொரு சீசன். ஆக, அலபாமாக்காரர்கள் கண்ணை நம்ப முடியாது. காதைத்தான் நம்ப வேண்டும்.

தென்கிழக்கே என்டர்பிரைஸ் என்று ஒரு சிறு நகரம் இருக்கிறது. ஊர் நடுவே ஒரு பெண் சிலை, பருத்தியை அழிக்கும் கூன்வண்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறது. வண்டு பருத்தியைத் தின்றதால்தான் விவசாயிகள் வேர்க்கடலைக்கு மாறிச் செழித்தார்கள் என்று, 1919-ல் பூச்சிக்கு நன்றி சொல்லி நினைவுச் சின்னம் எழுப்பிய ஊர் அது. கெட்டதிலும் நல்லதைப் பார்க்கத் தெரிந்த அந்த ஊரையே 2007 மார்ச் 1 உலுக்கிவிட்டது. பள்ளி நேரத்தில் வந்த டொர்னாடோ, உயர்நிலைப் பள்ளியின் மீது இறங்கியது. பாதுகாப்பு என்று நம்பி மாணவர்கள் நடைகூடத்தில் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். சுவர் சரிந்ததில் 8 பேர் இறந்துபோனார்கள். அதன் பிறகு, 2010-ல், புதிதாகக் கட்டும் அரசுப் பள்ளிகளில் டொர்னாடோவைத் தாங்கும் அறை இருந்தே தீர வேண்டும் என்று மாநிலம் சட்டம் கொண்டுவந்தது.

மாநிலத்தின் நடுவில் இருக்கும் பர்மிங்ஹாமுக்கு வந்தால், ஜேம்ஸ் ஸ்பான் என்ற பெயரைக் கேட்காமல் ஊர் திரும்ப முடியாது. உள்ளூர்த் தொலைக்காட்சியில் பல பத்தாண்டுகளாக வானிலை சொல்பவர். சட்டை மேல் சஸ்பெண்டர் பட்டை மாட்டியிருப்பார். அவர் கோட்டைக் கழற்றிவிட்டு நின்றார் என்றால் நிலைமை மோசம் என்று ஊருக்கே தெரியும். பிள்ளைகளை ஹெல்மெட்டோடு நடு அறைக்கு அனுப்பிவிடுவார்கள்.

வானிலை ஆய்வு மையம் வரைபடத்தில் ஒரு பல்கோணத்தை வரைந்து, அதற்குள் இருப்பவர்களுக்கு மட்டும் எச்சரிக்கை விடும். அந்தக் கட்டத்தை மதியுங்கள் என்பதுதான் ஸ்பான் ஓயாமல் சொல்லும் பாடம். மாவட்டப் பெயரோடு நிறுத்த மாட்டார். இன்ன சர்ச், இன்ன பெட்ரோல் பங்க், இன்ன நாற்சந்தி என்று அடையாளம் சொல்வார். வரைபடம் பார்க்கத் தெரியாதவருக்கும் ‘அட, நம்ம வீட்டுப் பக்கம்’ என்று உறைக்க வேண்டும் அல்லவா? 2021 மார்ச்சில் நேரலையில் இருந்தபோதே டொர்னாடோ அவர் வீட்டையே தாக்கியது. சிறிது நேரம் திரையிலிருந்து விலகினார். மனைவி பாதுகாப்பு அறையில் நலமாக இருப்பது தெரிந்ததும் திரும்பி வந்து, மற்றவர்கள் வீட்டுக்கு எச்சரிக்கை சொல்வதைத் தொடர்ந்தார்.

ஆனால் அவரையும், அந்த மாநிலத்தையும் மாற்றிய நாள் 2011 ஏப்ரல் 27. ஒரு புதன்கிழமை.

நாள்கணக்கில் முன்னதாகவே வானிலையாளர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். விடியற்காலையிலேயே முதல் அலை வந்தது. மரங்களைச் சாய்த்து, மின்கம்பங்களை முறித்துவிட்டுப் போனது. பல்லாயிரம் வீடுகளில் கரன்ட் இல்லை. அதாவது டிவி இல்லை. மதியம் வெயில்கூட அடித்தது. விஷயம் தெரியாதவர்கள் ‘முடிந்தது’ என்று நினைத்திருக்கலாம். அந்த வெயில்தான் அடுத்த அலைக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தது.

மாலை 5 மணிக்குச் சற்றுப் பின், பல்கலைக்கழக நகரமான டஸ்கலூசாவுக்குள் அகலமான ஒரு கறுப்புச் சுழல் நுழைந்தது. உயரத்தில் பொருத்தியிருந்த கேமரா வழியாக மாநிலமே நேரலையில் பார்த்தது. வீடுகள், கடைகள், பல தலைமுறை பார்த்த ஓக் மரங்கள் என்று வழியில் வந்த எதையும் விடவில்லை. பேரிடர் மேலாண்மை அலுவலகக் கட்டடமும் அந்தப் பாதையில்தான் இருந்தது! பர்மிங்ஹாமின் வடபகுதி வரை மொத்தம் ஏறத்தாழ 130 கி.மீ. ஓடிய அந்த ஒரே சுழல் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. இறந்தவர்களில் கல்லூரி மாணவர்களும் உண்டு. பல்கலைக்கழகம் தேர்வுகளை நிறுத்தி, மே மாதம் நடக்க வேண்டிய பட்டமளிப்பு விழாவை ஆகஸ்டுக்குத் தள்ளி வைத்தது.

டஸ்கலூசாவைப் படம் பிடிக்கக் கேமரா இருந்தது. வடமேற்கே இருந்த சிற்றூர்களுக்கு அதுவும் இல்லை. ஹேக்கல்பர்க், சுமார் 1,500 பேர் வாழ்ந்த ஊர். ஜீன்ஸ் கிடங்குதான் ஊரின் பெரிய வேலைவாய்ப்பு. அன்று மதியம் வந்த டொர்னாடோவின் வேகம் மணிக்கு 330 கி.மீ.க்கும் மேல் என்று பின்னர் மதிப்பிட்டார்கள். அளவுகோலின் உச்சமான 5-ம் நிலை. கிடங்கும் போனது, 18 உயிர்களும் போயின. அதே சுழல் பக்கத்து ஊரான ஃபில் கேம்ப்பெலையும் தாண்டி 200 கி.மீ.க்கு மேல் ஓடி, மொத்தம் 70-க்கும் அதிகமானவர்களைப் பலி கொண்டது.

அன்று ஒரே நாளில் அலபாமாவில் மட்டும் 62 டொர்னாடோக்கள். இறந்தவர்கள் ஏறத்தாழ 240 பேர். பிரவுன்ஸ் ஃபெரி அணுமின் நிலையத்துக்கு வெளியிலிருந்து வரும் மின்பாதைகள் அறுந்து, மூன்று உலைகளும் பத்திரமாக நிறுத்தப்பட்டன. ராக்கெட் நகரம் என்று பெயர் பெற்ற ஹன்ட்ஸ்வில், நாள்கணக்கில் இருட்டில் கிடந்தது.

மறுநாளிலிருந்து ஒரு விநோதம். டொர்னாடோ எட்டியே பார்க்காத ஊர்களில், தோட்டத்திலும் புல்வெளியிலும் யார் யாருடைய புகைப்படங்களோ கிடந்தன. திருமணப் படம், குழந்தை படம், காசோலை, மருத்துவச் சீட்டு. வட அலபாமாவில் ஒரு பெண்மணி, தன் வீட்டு வாசலில் கிடைத்தவற்றை ஃபேஸ்புக்கில் போட்டு ‘இது யாருடையது?’ என்று கேட்டார். ஊர் ஊராக மக்கள் தாங்கள் பொறுக்கியதையும் சேர்த்தார்கள். நூற்றுக்கணக்கான படங்கள் உரியவர்களிடம் போய்ச் சேர்ந்தன. வீடு, பாத்திரம், துணிமணி எல்லாம் போன ஒருவருக்கு அம்மாவின் பழைய படம் தபாலில் திரும்பி வருவது என்றால் சும்மாவா! ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தப் பதிவுகளை வைத்தே, காற்று எதை எவ்வளவு தூரம் தூக்கிப்போகும் என்று கணக்கிட்டார்கள். ஒரு புகைப்படம் ஏறத்தாழ 350 கி.மீ. பறந்திருந்தது.

ஃபில் கேம்ப்பெலுக்கு வேறொரு விதமாக உதவி வந்தது. ஒரு மனிதரின் முழுப்பெயரையே ஊர்ப்பெயராகக் கொண்ட ஊர் அது. அந்த ஆண்டு ஊருக்கு நூறு வயது. அதே பெயர் கொண்டவர்கள் ஜூன் மாதம் அங்கே கூடுவது என்று முன்பே திட்டம் போட்டிருந்தார்கள். கொண்டாட்டத்துக்கு வரவிருந்த ஃபில் கேம்ப்பெல்கள் நிதி திரட்டிக்கொண்டு வந்து, கையுறை மாட்டி இடிபாடுகளை அள்ளினார்கள்.

துக்கம் ஆறிய பிறகு ஒரு கேள்வி எஞ்சியது. அன்று எச்சரிக்கைகள் தவறவில்லை. சராசரியாக 20 நிமிடங்களுக்கு மேல் அவகாசமும் இருந்தது. பின் ஏன் இத்தனை சாவு? ஸ்பானே இதை வெளிப்படையாகக் கேட்டார். வெளியே ஒலிக்கும் சைரனை நம்பி இருந்துவிடுவது ஒரு காரணம் என்பது அவர் கட்சி. சைரன் வெளியில் நிற்பவர்களுக்கானது. கதவைச் சாத்தித் தூங்குபவருக்கு அது கேட்காது. நூறு முறை எச்சரித்துப் பத்து முறைதான் வருகிறது என்றால், மக்களும் அசட்டையாகத்தான் இருப்பார்கள்.

இதெல்லாம் சரிதான். ஆனால் எச்சரிக்கை காதில் விழுந்த பிறகு எங்கே ஓடுவது? அலபாமாவில் நிலவறை உள்ள வீடுகள் குறைவு. பலரும் வசிப்பது ‘மொபைல் ஹோம்’களில். தொழிற்சாலையில் செய்து லாரியில் கொண்டுவந்து இறக்கும் வீடு. விலை குறைவு, சுவர் மெலிசு. சாதாரண டொர்னாடோவே இவற்றைப் புரட்டிவிடும். ‘உள்ளே இருக்காதீர்கள்’ என்பதுதான் அதிகாரிகளின் அறிவுரை. நள்ளிரவு மழையில், கார்கூட இல்லாத பாட்டி எங்கே போவார்? 2019 மார்ச் 3 அன்று லீ மாவட்டத்தின் போரிகார்டில் 23 பேர் இறந்தார்கள்; பெரும்பாலோர் மொபைல் ஹோம்வாசிகள். வானம் எல்லார் மீதும்தான் இடிகிறது. நசுங்குவது பெரும்பாலும் ஏழை வீடு.

எனவே இப்போது ஊர் ஊராகப் பொதுப் பாதுகாப்பு அறைகள் எழுந்திருக்கின்றன. வானிலை மோசம் என்று தெரிந்தால் பள்ளிகளை மதியமே விட்டுவிடுகிறார்கள். சர்ச்சுகள் மாலைக் கூட்டத்தை ரத்து செய்கின்றன. ஹெல்மெட் யோசனையும் 2011-க்குப் பின்னர் வலுத்ததுதான். பர்மிங்ஹாம் மருத்துவ ஆய்வாளர்கள் தலைக்காயங்களைப் பார்த்துவிட்டு அதைப் பரிந்துரைத்தார்கள். கூடவே காலில் ஷூ வேண்டும், ஏனென்றால் பிறகு நடக்கப்போவது ஆணியும் கண்ணாடியும் கிடக்கும் தரையில். கழுத்தில் ஒரு விசிலும் வேண்டும், இடிபாட்டுக்குள்ளிருந்து கூப்பிட.

பிப்ரவரி கடைசி வார இறுதியில் மாநில அரசே மூன்று நாள் வரிவிலக்கு தருகிறது. துணிமணிக்கும் நகைக்கும் அல்ல. வானிலை ரேடியோ, பேட்டரி, டார்ச், தார்ப்பாய், கயிறு, ஜெனரேட்டர் போன்றவற்றுக்கு 4 சதவீத மாநில விற்பனை வரி கிடையாது. கடைகளில் இந்தச் சாமான்களை வாசலருகிலேயே அடுக்கி வைத்துவிடுவார்கள். ரேடியோவை வாங்கியவர்கள் வீட்டுக்குப் போனதும் செய்யும் முதல் வேலை, தங்கள் மாவட்டத்துக்கான எண்ணை அதில் பதிப்பது. அதன் பிறகு கட்டில் பக்கத்தில் வைத்துவிட வேண்டியதுதான். இரவு இரண்டு மணிக்கு அது அலறினால், எழுந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடு அறைக்கு ஓட வேண்டும்.