அம்மாவின் தொழில்

2022ஆம் ஆண்டு என் தாயார் காலமான மறுநாள், மரணப் பதிவுக்காகச் சென்றிருந்தேன். பெயர், வயது, பிறந்த ஊர் என வரிசையாக எழுதி வந்த பதிவாளர், "தொழில்?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். அவரும் அவ்வாறே எழுதினார். கையொப்பமிட்டு வெளியே வந்து சைக்கிளைத் தொட்ட பின்னரே, நான் சொன்னது எத்தகைய பொய் என்பது எனக்கு உறைத்தது. தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்றுப் பட்டம் பெற்றவன். மாணவர் கட்டுரைகளிற் சொற்குற்றமும் பொருட்குற்றமும் தேடிச் சிவப்பு மையால் வட்டமிடுகிறவன். நாற்பதாண்டுக்கு மேல் மண்ணோடு மல்லாடிய ஒருத்தியின் வாழ்வை ஒரே சொல்லில் அழித்துவிட்டு வந்திருக்கிறேன்!

இணுவில் செம்மண் பூமி. அடியிற் சுண்ணக்கல். ஆறு இல்லை, கல்லைப் பிளந்து தோண்டிய கிணறுகளே எமக்கு ஆறு. புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் அந்தக் கிணறுகளை நம்பியே விளைந்தன. மாரி ஓயும் வேளையிற் புகையிலைக் கன்று நடுவார்கள். நட்ட கன்றுக்கு இலை குத்தி நிழல் கொடுப்பதும், பக்கக் குருத்துகளைக் கிள்ளி எறிவதும், வெட்டிய இலையைக் கோத்துத் தூக்குவதும் அம்மாவின் வேலை. புகையிலைப் பால் பட்டு அவள் விரல்கள் கறுத்துப் போகும். சனிக்கிழமை மாலையிலே கிணற்றடியில் குந்தியிருந்து தேசிக்காய்ப் பாதியால் அவற்றைத் தேய்ப்பாள். எவ்வளவு தேய்த்தும் நகக்கண்ணிற் கறை நிற்கும். அந்தக் கைகளோடுதான் மறுநாட் காலை உடுவில் ஆலயத்துக்கு நடந்து சென்று திருவிருந்து அப்பத்தை வாங்குவாள்.

எம்முடைய குடும்பம் அமெரிக்க மிஷன் காலத்துக் கிறிஸ்தவக் குடும்பம். 1898இற் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென இணுவிலில் எழுந்த மக்லியொட் ஆஸ்பத்திரியிலேதான் அம்மா பிறந்தாள். 1824இல் தொடங்கிய உடுவில் மகளிர் பாடசாலையில் அவளும் சில ஆண்டுகள் படித்தாள். எனினும், சுற்றிலும் சைவக் குடும்பங்கள். கந்தசுவாமி கோயில் திருவிழாக் காலத்திலே தவில் ஓசை எமது முற்றத்துக்கு வரும். அம்மா அதைக் கேட்டபடியே வெங்காயம் பிடி கட்டுவாள். ஒரு ஞாயிறு, பிரசங்கத்தின் நடுவே வானம் இருண்டது. முற்றத்திற் காயப் போட்ட வெங்காயம் நினைவுக்கு வரவே, எழுந்து ஓடிவிட்டாள். "கர்த்தர் கோவிக்க மாட்டாரோ?" என்று அப்பா கேலி செய்தபோது, "ஓய்வுநாளிலை குழியுக்கை விழுந்த ஆட்டைத் தூக்கச் சொன்னவரே அவர்தானே" என்றாள்.

1990இற் போர் மீண்டும் மூண்டு பொருளாதாரத் தடை வந்தபின், நீரிறைக்கும் இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் கிடைப்பது குதிரைக்கொம்பாயிற்று. பரணிற் கிடந்த துலாக்கயிறு மறுபடியும் இறங்கியது. அதிகாலை நான்கு மணிக்கு முழந்தாளிட்டு ஜெபித்து எழுந்தவள் நேரே வாய்க்காலுக்குப் போவாள். அப்பா பட்டையால் இறைக்க, அவள் மண்வெட்டியோடு பாத்திக்குப் பாத்தி நீர் மாற்றுவாள். அவர் களைத்தால் இடம் மாறிக்கொள்வார்கள். அப்பாவை ஊர் 'கமக்காரன்' என்றது. அவளை அப்படி எவரும் சொன்னதில்லை.

பிற்காலத்தில், முற்போக்கு ஏடுகளை வாசிக்கத் தொடங்கிய இளைஞனாக, அந்த ஜெபத்தை நான் வெறும் மயக்கமருந்து என்றே எண்ணினேன். இன்றும் எனக்கு அவளுடைய விசுவாசம் இல்லை. ஆனால் அந்தத் தீர்ப்பை அத்தனை எளிதாக எழுத இப்போது கை வருவதில்லை.

எங்கள் தோட்டத்துக்கு ஒரு பெண் கூலிக்கு வருவாள்; அம்மாவின் வயதினள். நாங்கள் 'தொடக்கூடாது' என்று ஒதுக்கிவைத்த சாதி. அவளுக்கென ஓர் அலுமினியப் பேணி அடுக்களைப் பின்புறத்து இறப்பிலே செருகியிருக்கும். அப்பாச்சி காலத்தில் அது சிரட்டை. எங்கள் காலத்திற் பேணி. இவ்வளவே நாகரிகம் செய்த மாற்றம். சம ஆசனம், சம போசனம் என்று யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளிற் குரல் எழுந்தது 1920களில். அந்தக் குரல் பாடசாலை வாசலிலிருந்து எமது அடுக்களை வாசலுக்கு நடந்துவர எழுபதாண்டு எடுத்தது. ஒரே அப்பத்தைப் பிட்டு உண்டுவிட்டு வந்த அம்மாவும் அந்தப் பேணியிலேதான் தேநீர் ஊற்றினாள். இதை நான் மறைக்க மாட்டேன்.

1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமம் முழுவதும் பெயர்ந்தது. நாவற்குழிப் பாலத்தை அந்த மழையிலே கடந்தவர்களில் நாங்களும் இருந்தோம். எனக்கு அப்போது ஏழு வயது. அம்மா வேதப்புத்தகத்தையும் ஒரு மூட்டை விதை வெங்காயத்தையும் சைக்கிளிற் கட்டியிருந்தாள். கொடிகாமத்தில் ஒரு பாடசாலைக் கொட்டிலில் இடம் கிடைத்தது. விதை வெங்காயத்தைக் கறியாக்கித் தின்றோம். எனக்குக் காய்ச்சல் கண்ட இரவு, அக்கொட்டிலின் மறுகோடியிலிருந்து அந்தப் பெண் தன் செம்பிற் சுடுநீர் கொண்டுவந்தாள். அம்மா அதை வாங்கி எனக்குப் பருக்கி, மிகுதியைத் தானும் குடித்தாள்.

1996இல் ஊர் திரும்பினோம். இறப்பிலே பேணி அப்படியே இருந்தது. அம்மா அதை எடுத்துக் கோழிக்குத் தண்ணீர் வைத்தாள். ஏன், எதற்கு என்று எவரிடமும் அவள் சொல்லவில்லை.

போர் முடிந்தபின் வீட்டுத்திட்டங்கள் வந்தன. வீடு கட்ட உதவி பெறுவதற்குச் சொந்தக் காணி வேண்டும். அந்தப் பெண்ணுக்கு ஒரு சாண் நிலமும் இல்லை. 2011இல் ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது அம்மா, "என்ரை சீதனக் காணியிலை ரண்டு பரப்பு அவளுக்கு எழுதுவம்" என்றாள். 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் மிளகாயும் வெங்காயமும் நல்ல விலை போன காலத்திலே அவளுடைய தகப்பனார் வாங்கிய காணி அது, பன்னிரண்டு பரப்பு. உறுதி அவள் பெயரில். ஆனால் தேசவழமை இருக்கிறதே! கணவன் எழுத்திற் சம்மதியாமல் மனைவி தன் சொந்த நிலத்தையும் கைமாற்ற இயலாது என்பது 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். நியாயமின்றி மறுக்கும் கணவனுக்கெதிராக நீதிமன்றம் போகலாமாம். இணுவிலில் எந்தப் பெண் போவாள்?

"ஊர் சிரிக்கும்" என்றார் அப்பா. அவர் கெட்டவரல்லர், பயந்தவர். அம்மா என்னைப் பார்த்தாள். நான் அப்போது பல்கலைக்கழக மாணவன். சமத்துவத்தைப் பற்றி மேடையிற் பேசிப் பரிசும் வாங்கியவன். அந்தப் பன்னிரண்டு பரப்பும் என்றோ எனக்கும் தங்கைக்கும் வரவேண்டியது என்ற கணக்கு என் மனத்தில் ஓடியது. "அப்பாவுக்குத் தெரியுந்தானே" என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்தேன்.

அதன்பின் அவள் அதைப்பற்றிப் பேசவில்லை. காலை ஜெபம் மட்டும் நீண்டது. எங்களை நினைத்தோ, அவளை நினைத்தோ, அறியேன்.

2016இல் அப்பா இறந்தார். இரண்டு மாதம் கழித்து, என்னிடம் ஒரு சொல்லும் கேளாமல், நொத்தாரிசிடம் சென்று இரண்டு பரப்பை எழுதிக் கொடுத்தாள். வீட்டுத்திட்டம் ஊரைக் கடந்து போயிருந்தது. அந்தப் பெண் கடன்பட்டுச் சீமெந்துக் கல்லால் ஓர் அறை கட்டினாள். மறுபக்கத்துக் காணிக்காரர் தம் எல்லையிலே ஆளுயரத் தகரம் அடித்தார். எங்கள் எல்லையிற் கிடுகு வேலிதான். அதிலே அம்மா ஒரு பொட்டு வைத்தாள், குனியாமல் நுழையும் அளவுக்கு.

அவளுடைய சாவீட்டன்று அந்தப் பெண் அப்பொட்டால் வந்தாள். கிணற்றடியிற் காலைக் கழுவி, அடுக்களைக்குட் சென்று, தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தாள். எங்கள் உறவினரிற் பலர் வாங்கினார்கள். சிலர், "இப்பத்தான் குடிச்சது" என்றார்கள். அவள் தட்டத்தை அடுத்தவருக்கு நீட்டினாள்.