சாவகச்சேரிக் கொட்டிலில் ஒரு சேவல்

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வீதி வழியே கிழக்கு நோக்கிச் செல்வோர், செம்மணி வெளியைத் தாண்டி நாவற்குழிப் பாலத்தைக் கடந்ததும் நிலத்தின் இயல்பு மாறுவதைக் காண்பர். உப்புக் காற்று வீசும் கடனீரேரியும் வெட்டவெளியும் பின்னே ஒதுங்க, கைதடியும் நுணாவிலும் நிழல் விரித்து எதிர்கொள்ளும். பலாவும் மாவும் தென்னையும் செறிந்த தென்மராட்சி இது. பட்டினத்திலிருந்து ஏறக்குறையப் பத்து மைல் வந்தால் சாவகச்சேரி.

இவ்வூரின் பெயரைச் சாவகத்தோடு, அதாவது யாவா முதலான தீவுகளிலிருந்து வந்தோரோடு, தொடர்புபடுத்துவர் வரலாற்றாசிரியர் சிலர். 13ஆம் நூற்றாண்டில் இலங்கைமீது படையெடுத்த சந்திரபானு என்னும் சாவக மன்னனை அவர்கள் சான்றாகக் காட்டுவர். அப்பழைய தொடர்பை நினைப்பூட்டும் பொருளொன்று இன்று இவ்வூர் வளவொன்றின் பின்புறக் கொட்டிலில் நிற்கிறது. அது சிலையுமன்று, கல்வெட்டுமன்று. ஒரு மோட்டார் சைக்கிள்.

'பி.எஸ்.ஏ. பான்ரம்' என்பது அதன் பெயர். பான்ரம் என்றால் ஆங்கிலேயர் வழக்கிற் குட்டையான ஒருவகைக் கோழி. யாவாத் தீவிலுள்ள பாந்தாம் என்னும் துறைமுகத்தின் பெயரே அக்கோழிக்கு வாய்த்தது. அதனாற்றான் இவ்வண்டியின் எண்ணெய்த் தாங்கியில் ஒரு சேவற் சின்னம் பொறிக்கப்பட்டிருந்தது. யாவாவிலிருந்து இங்கிலாந்து போன பெயர், அங்கிருந்து கப்பலேறிச் சாவகச்சேரிக்கு வந்து சேர்ந்ததென்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

வண்டியின் பிறப்பும் சுவையானது. பர்மிங்காம் நகரத் துப்பாக்கித் தொழிலாளர் ஒன்றுகூடி 1861இல் அமைத்த நிறுவனமே பி.எஸ்.ஏ. எனினும் பான்ரத்தின் மூல வரைபடம் அவர்களுடையதன்று. ஜேர்மனியின் சொப்பாவ் நகரிலிருந்த டி.கே.டபிள்யூ. தொழிற்சாலையின் ஆர்.ரி. 125 என்னும் வண்டியே அதற்கு முன்மாதிரி. இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனி தோற்றபின், அவ்வரைபடம் போர் இழப்பீடாக வென்றவர் கைக்குப் போயிற்று. ஆங்கிலேயர் 1948இல் அதைப் பான்ரம் ஆக்கினர். அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சனும் சோவியத் நாட்டாரும் அதே வண்டியைத் தத்தம் பெயரிற் செய்தனர். யப்பானின் யமஹா நிறுவனம் 1955இல் வெளியிட்ட 'செந்தும்பி' என்னும் முதல் மோட்டார் சைக்கிளும் அதே குலத்ததே. ஆங்கிலேயர் மாத்திரம் இயந்திரத்தை இடம்வலமாகத் திருப்பியமைத்தனர். வலக்காலால் கியர் மாற்றுவது அவர்கள் வழக்கம். இன்றைய வண்டிகளிற் பழகிய இளைஞர் பான்ரத்தில் ஏறினால் அவர்கள் கால் தடுமாறுவது இதனாலேயே.

இந்த வண்டியை 1955இல் வாங்கியவர், அப்போது முப்பது வயதான ஓர் அப்போதிக்கரி. 123 கன சென்ரிமீற்றர் இயந்திரமும் மூன்று கியர்களும் கொண்ட இச்சிறு வண்டியிலேயே, மீசாலை முதல் கொடிகாமம் வரை ஒழுங்கைகள்தோறும் நோயாளரைப் பார்க்கச் சென்றார். 1990இல் போர் மீண்டும் மூண்டு, வடக்கிற்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. அக்காலத்தை அறிந்தோர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. குளிர்ந்த இயந்திரத்திலே தீப்பற்றாது. ஆகவே சிறு போத்தலில் பொன்போற் காத்த சில துளி பெற்றோலால் இயந்திரத்தை முடுக்கி, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். அப்போதிக்கரியார் இதற்கென ஒரு தகரக் குப்பியைத் தாங்கியின் கீழே பொருத்தினார். செப்புக் குழாயொன்றைச் சிலிண்டரின் அருகாக வளைத்து, மண்ணெண்ணெய் வெம்மையேறிச் செல்லும்படி தாமே அமைத்தார். வயது எழுபதை அண்மிய காலத்திலும் நள்ளிரவு அழைப்புகளுக்கு அவ்வண்டியிலேயே போனார்.

அவர் 1998இல் மறைந்தார். 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் தென்மராட்சி போர்க்களமாயிற்று. குடும்பத்தார் கைக்கெட்டியதை எடுத்துக்கொண்டு வெளியேறினர். 2002இல் போர்நிறுத்தம் வந்தபின் திரும்பியபோது கொட்டிலின் கூரை விழுந்து கிடந்தது. அதன் கீழே வண்டி கிடந்தது. பதிவுப் புத்தகம் மட்டும் பிஸ்கற் தகரமொன்றில் அவர்களோடு போய் அவர்களோடு திரும்பியது. வீட்டைக் கட்டுவதும் பிள்ளைகளைப் படிப்பிப்பதும் முந்திக்கொண்டன. இளைப்பாறிய விஞ்ஞான ஆசிரியரான மகன் இப்போதுதான் வண்டியிற் கைவைத்திருக்கிறார். அவருக்குத் துணை, எண்பதை நெருங்கும் அயலூர் மெக்கானிக் ஒருவர்; எடுபிடிக்குப் பக்கத்து வீட்டுச் சிறுவன்.

வேலை எப்படி நடந்ததென்பதை வாசகர் அறிந்திருப்பது நன்று. பிஸ்ரன் சிலிண்டரோடு துருவேறிப் பற்றியிருந்தது. சுத்தியலால் அடிக்க மெக்கானிக் விடவில்லை. டீசலை ஊற்றி இரண்டு கிழமை ஊறவிட்டு, மரக்கட்டையை வைத்து மெல்லத் தட்டினார். பதினாறாம் நாள் அசைந்தது. எண்ணெய்த் தாங்கியினுள் துரு படையாய் இருந்தது. வினாகிரி ஊற்றி, சிறு கற்களை இட்டுக் குலுக்கி, பின் அப்பச் சோடா கரைத்த நீராற் கழுவினர். சிலிண்டரைக் கடைசல் பட்டறையிற் கொடுத்து உட்சுவரைச் சீராக்கினர். இரட்டை அடி இயந்திரத்தில் எரிகலவை முதலில் கிராங்க் அறையினுள் இழுபட்டே மேலே செல்லும். ஆகையால் அவ்வறையிற் காற்றுக் கசிவு இருத்தல் ஆகாது. அறையின் இறப்பர் வளையங்களோ காய்ந்து கல்லாகியிருந்தன. பான்ரத்தின் உதிரிப்பாகங்கள் இங்கிலாந்தில் இன்றும் கிடைக்கின்றன. இலண்டனிலிருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த மருமகன் அவற்றைப் பெட்டியில் எடுத்து வந்தார்.

கடினமான கேள்வி அதன் பின்னரே எழுந்தது. நாம் சென்றிருந்த அன்று இருவரும் அதைப்பற்றியே வாதித்துக்கொண்டிருந்தனர். வண்டியை எந்த ஆண்டுக்குத் திருப்புவது?

"மாஸ்டர், கொம்பனியிலை இருந்து வந்தபடி வரவேணும். இந்தக் குப்பியையும் குழாயையும் கழட்டி எறியுங்கோ. மண்ணெண்ணெய்தான் இதின்ரை உயிரைக் குடிச்சது," என்றார் மெக்கானிக். அவர் கூற்றிலும் நியாயம் இருந்தது. மண்ணெண்ணெய் முற்றாக எரியாமற் கரியாகப் படியும். புகைக்குழாயைத் திறந்தபோது விரல் நுழையவும் இடமின்றிக் கரி அடைத்திருந்ததை நாமே கண்டோம்.

ஆசிரியர் இணங்கவில்லை. "அண்ணை, பெற்றோல் இருந்த காலத்திலை ஆரும் ஓடுவினம். இல்லாத காலத்திலை ஐயா இதை ஓட்டினவர். அதைக் கழட்டினால் இது கடையிலை வாங்கின வண்டி. எங்கடை வண்டி இல்லை."

திண்ணையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார், தொண்ணூறைக் கடந்த தாயார். கண்பார்வை மங்கிவிட்டது, செவி மங்கவில்லை. "ஓடுறதுக்கு எது வேணுமோ அதைச் செய்யுங்கோ. அவர் கையாலை செய்ததை எறியாதேங்கோ," என்றார். அத்துடன் வாதம் முடிந்தது.

கார்புரேற்றருக்குப் புதிய ஊசியும் ஜெற்றும் இட்டு அதைப் பெற்றோலுக்கே மீட்டனர். குழாயின் இரு வாயையும் அடைத்து, குப்பியோடு பழைய இடத்திலேயே விட்டனர். பெற்றோலில் எண்ணெய் கலந்து ஊற்றி, சிறுவனையே உதைக்கச் சொன்னார் மெக்கானிக். ஏழாம் உதைக்கு வெண்புகை எழுந்தது. பின் அந்தச் சிறு வண்டிக்கே உரிய படபடப்பு வளவெங்கும் பரந்தது. தாயார் முகத்தை அத்திசைக்குத் திருப்பினார். "சத்தம் சரி," என்றார். சற்றுப் பொறுத்து, "முடக்கிலை கியர் மாத்தேக்கைதான் முழுக்கத் தெரியும். ஒருக்கால் றோட்டுக்குக் கொண்டுபோய்த் திரும்பி வரச் சொல்லுங்கோ," என்றார். அந்த முடக்கின் ஓசையைக் கேட்டுத்தான் அந்நாளில் அவர் அடுப்பிற் கேத்திலை வைப்பாராம்.

இத்தகைய வண்டிகள் எங்கள் ஊர்களின் கொட்டில்களிலும் கோழிக்கூட்டின் அருகிலும் இன்னும் கிடக்கின்றன. இரும்பு விலைக்கு அவற்றைக் கேட்டு வருவோரும் உளர். கொடுப்பதும் வைத்திருப்பதும் அவரவர் வசதியைப் பொறுத்தவை. ஆயினும் கொடுக்குமுன் மூன்று காரியம் செய்தல் நன்று: பதிவுப் புத்தகத்தைத் தேடி எடுங்கள்; பிளக்கைக் கழற்றிச் சிறிது எண்ணெய் விட்டு, இயந்திரம் சுழல்கிறதா என்று பாருங்கள்; வீட்டிலுள்ள முதியோரிடம், அதில் யார் எங்கே போனார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். உதிரிப்பாகம் கடல்கடந்தும் வரும். அந்தக் கதையைச் சொல்ல அவர்களையன்றி எவருமிலர்.