கரிசலில் இறங்கிய ரம்பம்: வத்திராயிருப்பிலிருந்து வெம்பக்கோட்டை வரை

விருதுநகர் மாவட்டம், வத்திராயிருப்பு. மேற்கே பார்த்தால் மலை. கிழக்கே பார்த்தால் தென்னை. பிளவக்கல் அணைத் தண்ணீரை நம்பி நிற்கும் தோப்புகள். அதில் ஒரு தோப்பில், காய்ப்பு ஓய்ந்துபோன பத்துப் பதினைந்து மரங்களைச் சாய்த்துப் போட்டிருக்கிறார்கள். வழக்கமாக இந்த மரங்கள் செங்கல் சூளைக்கு விறகாகப் போகும். இந்த முறை அப்படி இல்லை. டிராக்டருக்குப் பின்னால் கட்டி இழுத்து வந்த ஒரு அறுவை இயந்திரம், மரம் கிடக்கும் இடத்துக்கே வந்து நிற்கிறது.

பார்க்க எளிமையான இயந்திரம்தான். கீழே இரும்புத் தண்டவாளம், அதன்மேல் மரத்தைக் கிடத்தும் படுக்கை. தண்டவாளத்தில் முன்னும் பின்னும் ஓடும் ஒரு தலைப்பகுதி. அதில் இரண்டு சக்கரங்கள். அவற்றைச் சுற்றி, ஒன்றேகால் அங்குல அகலத்தில், ஒரு மில்லிமீட்டர் தடிமனில் பட்டை ரம்பம். ஊரில் இதை ‘பேண்ட் சா’ என்பார்கள். மரம் அசையாமல் கிடக்கும்; ரம்பம்தான் போய் வரும்.

தென்னை அறுப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. வெளிவட்டம் இரும்பு மாதிரி இருக்கும். நடுப்பகுதி சோறு மாதிரி மெத்தென்று இருக்கும். ரம்பம் கெட்டியான இடத்திலிருந்து மென்மையான இடத்துக்குள் நுழையும்போது விலகப் பார்க்கும். பல்லும் சீக்கிரம் மழுங்கும். அதனால் இயந்திரக்காரர் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பிளேடை மாற்றுகிறார். “மழுங்கின பிளேடை வச்சு இன்னும் ரெண்டு பலகை எடுத்துரலாம்னு நினைச்சா, அந்த ரெண்டும் விறகுதான்” என்கிறார். மாலைக்குள் மாட்டுக்கொட்டகைக்கு வேண்டிய சட்டமும் ரீப்பரும் அடுக்காகிவிடுகின்றன.

ஒரு பலகைக் கணக்கு

இந்த மெல்லிய ரம்பத்தால் விவசாயிக்கு என்ன லாபம்? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

நான்கு பக்கமும் செதுக்கிய 300 மில்லிமீட்டர் உயரக் கட்டை ஒன்று இருக்கிறது. அதில் 25 மில்லிமீட்டர் பலகை எடுக்க வேண்டும். வட்ட ரம்பம் ஒரு அறுப்புக்கு சுமார் 6 மில்லிமீட்டர் மரத்தைத் தூளாக்கிவிடும். அதில் 9 பலகைதான் தேறும். பட்டை ரம்பம் தூளாக்குவது சுமார் 2 மில்லிமீட்டர். அதில் 11 பலகை தேறும். ஒரே கட்டையில் இரண்டு பலகை கூடுதல்.

ஆனால், அறுப்பு அலை அலையாக வந்தால் கதை மாறும். அலையை இழைத்துச் சமன் செய்ய 25-க்குப் பதில் 28 மில்லிமீட்டராக அறுக்க வேண்டியிருக்கும். அப்போது 10 பலகைதான். கிடைத்த இரண்டில் ஒன்று கையைவிட்டுப் போகும். இழைப்புக் கூலி தனி. இயந்திரத்தைச் சரியாகப் பராமரிப்பது என்பது, ஒவ்வொரு கட்டையிலும் அந்த ஒரு பலகையைக் காப்பாற்றுவதுதான்.

இந்த ரம்பத்துக்கு இருநூறு வயது தாண்டிவிட்டது. 1808-ல் இங்கிலாந்தில் வில்லியம் நியூபெரி இதற்குக் காப்புரிமை வாங்கினார். ஆனால், பட்டையை வளையமாக ஒட்டிய இடம் அறுந்துகொண்டே இருந்ததால் பல ஆண்டுகள் பயன்படாமல் கிடந்தது. 1846-ல் பிரான்சைச் சேர்ந்த ஆன் போலின் கிரெபான் என்ற பெண், ஒட்டும் முறையைச் செம்மைப்படுத்தினார். அதற்குப் பிறகுதான் தொழிலுக்கு வந்தது. தோட்டத்துக்கு இழுத்துப் போகும் சிறிய இயந்திரங்கள் அமெரிக்காவில் 1980-களில் பரவின. இன்றைக்கும் இதன் பலமும் பலவீனமும் அதே மெல்லிய பட்டைதான்.

பட்டாசு மண்ணில் ஒரு கட்டுப்பாடு

மறுநாள் டிராக்டர் கிருஷ்ணன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர், மல்லி வழியாகச் சிவகாசியை நோக்கிப் போகிறது. மலையும் பச்சையும் பின்னால் நகர, கரிசல் தொடங்குகிறது. சீமைக்கருவேலம், பனை, வரப்பில் தனி வேம்பு. இடையிடையே, ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன அறைகள். பட்டாசு ஆலைகள்.

இந்த ஊரின் தொழிலே மரத்தில் தொடங்கியதுதான். 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். குச்சிக்கும் மரம், அட்டைப்பெட்டி வருவதற்கு முன் பெட்டிக்கும் மரச்சீவல். குச்சிகளை அடுக்கி மருந்தில் முக்குகிற சட்டங்களும் மரம்தான். அந்தச் சட்டம் வளைந்திருந்தால் குச்சிகள் ஒரே மட்டத்தில் நிற்காது. சில குச்சியில் மருந்து அதிகமாக ஏறும். சிலதில் ஏறவே ஏறாது. நேரான மரத்தின் அருமை இந்த ஊருக்குப் புதிதல்ல. மட்டி, பெருமரம் போன்ற தீக்குச்சி மரங்களை நிலத்தில் வளர்க்க மேட்டுப்பாளையம் வனக்கல்லூரி விவசாயிகளை ஊக்குவித்து வருவதும் இதனால்தான்.

ஆனால், இந்தப் பகுதியில் இயந்திரத்தை எங்கும் இறக்குவதில்லை. பிளேடு ஓர் ஆணியில் பட்டால் தீப்பொறி பறக்கும். என்ஜின் புகைக்குழாயும் சூடு. காய்ந்த மரத்தூள் சுலபமாகப் பற்றும். பட்டாசு அறைகளுக்குள் இரும்புக் கருவியைக்கூடத் தவிர்க்கிறார்கள். பொறி வராத பித்தளை, மரக் கருவிகளைத்தான் புழங்குகிறார்கள். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போனதை இங்கே யாரும் மறக்கவில்லை. ஆலைக்குப் பக்கத்து நிலத்தில் மரம் கிடந்தால், மரத்தை வேறு இடத்துக்குக் கொண்டுபோய்த்தான் அறுக்க வேண்டும். இயந்திரம் அங்கே போகக் கூடாது.

தகப்பனார் வைத்த வேம்பு

சிவகாசிக்குத் தெற்கே வெம்பக்கோட்டை. வைப்பாற்றங்கரையில் தொல்லியல் துறை அகழாய்வு செய்து சங்கு வளையல்களை எடுத்த ஊர். அங்கிருந்து உள்ளே தள்ளி ஒரு கரிசல் காடு. கிணற்றோரம் காற்றில் சாய்ந்த வேம்பு கிடக்கிறது. நிலத்துக்காரரின் தகப்பனார், கிணறு வெட்டிய வருடம் வைத்த மரமாம். மகனுக்கு வீடு எழும்பிக்கொண்டிருக்கிறது. நான்கு நிலைக்கும் கதவுக்கும் இந்த ஒரு மரத்தைத்தான் நம்பியிருக்கிறார். கெட்டுப்போனால் கடையில் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அது தகப்பனார் வைத்த மரமாக இருக்காது.

முதல் மூன்று பலகைகள் கண்ணாடி மாதிரி வருகின்றன. நான்காவதில் அலை.

“மரத்துல முறுக்கு இருக்கும்போல, அண்ணாச்சி” என்கிறார் இயந்திரக்காரர்.

“முத மூணு பலகையில இல்லாத முறுக்கு இப்ப எங்கிட்டு வந்துச்சு தம்பி?” என்கிறார் நிலத்துக்காரர்.

இயந்திரத்தை நிறுத்தி, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, கையுறை மாட்டிப் பிளேடைக் கழற்றுகிறார் இளைஞர். நான்கைந்து பற்களின் நுனி தட்டையாகிவிட்டது. கட்டையில் நீலக்கறுப்பாக ஒரு கறை. உள்ளே பழைய ஆணி. எப்போதோ வேலிக் கம்பி கட்ட அடித்தது. மரம் அதை விழுங்கி வளர்ந்துவிட்டது. ஊர் வேம்பில் ஆணி, கம்பி, சூலம் எதுவும் இருக்கலாம். அறுக்குமுன் பட்டையைச் செதுக்கிக் கறை தேடுவதும், முடிந்தால் உலோகம் காட்டும் கருவியை ஓட்டிப் பார்ப்பதும் ஒரு பிளேடின் விலையை மிச்சப்படுத்தும்.

ஆணியைத் தோண்டி எடுத்துவிட்டுப் புதுப் பிளேடு போட்டதும் அலை போய்விட்டது. ஆனால், நிலத்துக்காரர் விடவில்லை. வந்த பலகையில் நூல் பிடித்துப் பார்க்கிறார். தடிமன் எல்லா இடத்திலும் ஒன்றுதான். ஆனால் நடுவில் ஒரு தொய்வு. அடுத்த பலகையிலும் அதே இடத்தில் அதே தொய்வு.

இது பிளேடின் குறை இல்லை, படுக்கையின் குறை. தண்டவாளத்தின் மேல் நூல் கட்டிப் பார்த்தபோது தெரிந்துவிட்டது. பிளேடை நனைக்கும் தண்ணீர்க் கேனை நிரப்பும்போது கொட்டிய தண்ணீர், நடுக்காலின் கீழே ஊறியிருக்கிறது. கரிசல் மண் காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் குழையும். கால் அரை அங்குலம் இறங்கிவிட்டது. தலைப்பகுதி அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் ரம்பமும் இறங்கி ஏறியிருக்கிறது. காலைத் தூக்கி, அகலமான பனஞ்சட்டத்தை அடியில் கொடுத்து, ரசமட்டம் வைத்துச் சரிசெய்ய முக்கால் மணி நேரம் ஆனது.

பலகையே சொல்லும்

இயந்திரத்தில் எங்கே குறை என்பதை வெளியே வரும் பலகையே காட்டிக்கொடுத்துவிடும்.

அலை அலையாக வந்தால்: பிளேடு மழுங்கியிருக்கும், அல்லது இழுவிசை போதாது, அல்லது தலைப்பகுதியை வேகமாகத் தள்ளுகிறார்கள். கணு வரும் இடத்தில் மட்டும் ஏறி இறங்கினால், பல் கூர்மையையும் பல்லின் முன்சாய்வையும் பாருங்கள். மென்மரத்துக்கு 10 டிகிரி சாய்வு சரி. காய்ந்த, கடின மரத்துக்கு அதைக் குறைக்க வேண்டும். 4 டிகிரி வரைகூடக் குறைப்பார்கள்.

ரம்பம் ஒரே பக்கமாக ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ போனால்: பல் விரிப்பு சமமாக இல்லை. பற்களை ஒன்று மேலாக, ஒன்று கீழாகச் சுமார் அரை மில்லிமீட்டர் விரித்திருப்பார்கள். எந்தப் பக்கம் விரிப்பு அதிகமோ, அந்தப் பக்கம் ரம்பம் இழுக்கும். சாணை பிடிப்பதோடு விரிப்பையும் அளந்து சரிசெய்ய வேண்டும்.

சட்டம் சதுரமாக வராமல், கடைசிப் பலகை ஒரு ஓரம் தடித்து இருந்தால்: பிளேடு படுக்கைக்கு இணையாக இல்லை. படுக்கையிலிருந்து பிளேடு வரை இரண்டு ஓரத்திலும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

எல்லாப் பலகையும் ஒரே இடத்தில் தொய்ந்தால்: படுக்கை அல்லது கால்.

அறுக்கும்போது நேராக இருந்து, கழன்றதும் பலகை வில்லாக வளைந்தால்: அது மரத்துக்குள் இருக்கும் இறுக்கம். ஒரே பக்கம் அறுத்துக்கொண்டே போகாமல், இரண்டு பலகைக்கு ஒருமுறை கட்டையைப் புரட்டிப்போட்டு எதிர்ப்பக்கம் அறுக்க வேண்டும்.

தினமும் செய்ய வேண்டியவை

பிளேடைப் பிடித்து ஓட்டும் இரண்டு வழிகாட்டி உருளைகள் முக்கியம். அவை பிளேடைச் சுமார் 6 மில்லிமீட்டர் கீழ்நோக்கி அழுத்த வேண்டும். உருளையின் விளிம்புக்கும் பிளேடின் முதுகுக்கும் 3 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். நகரும் உருளையை மரத்துக்கு எவ்வளவு நெருக்கமாக வைக்க முடியுமோ, அவ்வளவு நெருக்கமாக வையுங்கள். பேரிங் ஆடினால் உடனே மாற்றிவிடுங்கள்.

வெயில் ஊரில் இழுவிசையை ஒருமுறை பார்த்தால் போதாது. நான்கு மீட்டர் சுற்றுள்ள பிளேடு 40 டிகிரி கூடுதலாகச் சூடானால் கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர் நீளும். அந்த அளவுக்குத் தளரும். மதியத்துக்கு மேல் அலை வருவதற்கு பல சமயம் இதுதான் காரணம். பிளேடின் மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பிசின் ஒட்டும் மரமாக இருந்தால் தண்ணீரில் கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்துகொள்ளலாம். டீசலோ பெட்ரோலோ ஊற்றவே கூடாது.

சக்கரத்தில் ஒட்டும் மரத்தூளைச் சுரண்டி எடுங்கள். மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள். பிளேடு அறுந்தால் அது சீறும் நேர்கோட்டில் யாரையும், குறிப்பாகக் குழந்தைகளை, நிற்க விடாதீர்கள். கண்ணாடியும் முகக்கவசமும் கட்டாயம்.

இயந்திரம் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். கூடலூர் கோதவர்மன் வழக்கில் 1996 முதல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுகளுக்குப் பிறகு, மர அறுவைத் தொழிலுக்கு விதிகள் கடுமையாகியிருக்கின்றன. பணத்தைக் கட்டுமுன் மாவட்ட வன அலுவலகத்தில் உரிமம் பற்றி எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளுங்கள். சந்தனம், ஈட்டி, தேக்கு போன்ற மரங்களை வெட்டவும் கொண்டுபோகவும் தனி விதிகள் இருக்கின்றன.

வெம்பக்கோட்டைக் காட்டில் பொழுது சாய்கிறது. பட்டாசு ஆலைகளிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வேன்கள் ஊருக்குத் திரும்புகின்றன. நான்கு நிலைக்கும் வேண்டிய சட்டம் தேறிவிட்டது. கதவுப் பலகையில் இரண்டுதான் குறை. அலை விழுந்த பலகையையும் நிலத்துக்காரர் விறகில் போடவில்லை. கோழிக்கூண்டுக்கு ஆகும் என்று ஓரமாக வைக்கிறார். மற்றதைக் கொட்டகை நிழலில், வரிசைக்கு வரிசை குறுக்குக் கட்டை கொடுத்து, காற்றுப் போக அடுக்குகிறார். முனைகளில் வெடிப்பு விழாமல் இருக்கப் பழைய பெயின்ட் பூசுகிறார். காய்ந்து முடியச் சில மாதங்கள் ஆகும்.

“தம்பி, காபி குடிச்சிட்டுக் கிளம்பலாம்ல” என்கிறார்.

“இந்தா வந்துட்டேன் அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு, இளைஞர் திரும்பவும் இயந்திரத்திடம் போகிறார். கைப்பிடியைத் திருப்பிப் பிளேடைத் தளர்த்துகிறார். இரவு முழுக்க இறுக்கத்திலேயே கிடந்தால் பிளேடும் களைத்துப்போகும். சக்கரத்தின் பெல்ட்டிலும் பள்ளம் விழும். நாளைக்குச் சாத்தூர் பக்கம் ஒரு வாகை மரம் காத்திருக்கிறது.