வளைவு தெரியாத லேசர்

லேசர் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் முதலில் போடுவது ஒரே வரைபடம்தான். உள்ளே கொடுக்கும் பம்ப் சக்தி கிடையில், வெளியே வரும் ஒளி நெடுக்கில். கோடு கொஞ்ச தூரம் தரையோடு ஊர்ந்துவிட்டு ஓரிடத்தில் விறுவிறுவென்று ஏறும். அந்த வளைவு விழும் இடம்தான் திரெஷோல்டு. 1962இல் ராபர்ட் ஹால் குழுவினர் முதல் குறைக்கடத்தி லேசரைத் திரவ நைட்ரஜன் குளிரில் இயக்கினார்கள். சில ஆண்டுகளிலேயே, நம் மும்பையில், செம்பூரைத் தாண்டி டிராம்பேயில், காலியம் ஆர்சனைடு லேசர் செய்து அதன் ஒளியில் கொலாபாவின் டாடா ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் பேச்சை அனுப்பிக் காட்டினார்கள். அந்த லேசர்களில் வளைவைத் தேட வேண்டியதில்லை. அதுவே வந்து கண்ணில் குத்தும்.

நான் அளப்பவை மைக்ரோகேவிட்டிகள். இவற்றில் வளைவு நழுவிவிடும்.

சாதாரண லேசரில், தன்னிச்சையாகப் பிறக்கும் ஃபோட்டான்களில் ஏறக்குறைய லட்சத்தில் ஒன்றுதான் லேசருக்கு உதவும் பாதையில் போகிறது. இந்தப் பங்கை பீட்டா என்போம். தாதர் ஸ்டேஷனில் இறங்கிய கூட்டம் கண்ட கண்ட படிக்கட்டில் சிதறுவதுபோல மற்றவை வீணாகின்றன. கேவிட்டியைச் சுருக்கச் சுருக்க மற்ற வழிகள் அடைபடும். இரண்டு மைக்ரான் தடிமனுள்ள தூணாகச் செதுக்கினால் பீட்டா பத்தில் ஒன்றையும் தாண்டலாம். திரெஷோல்டில் ஒளி எத்தனை மடங்கு எகிறும் என்பது கிட்டத்தட்ட பீட்டாவின் தலைகீழ். பீட்டா 1 ஆனால் கோடு நேர்கோடு. அப்புறம் எந்த இடத்தைக் காட்டி லேசர் என்பது?

கேவிட்டி என்பது இரண்டு அடுக்குக் கண்ணாடிகளுக்கு நடுவே ஓர் அலைநீள அளவு இடம். அதற்குள் ஒளி உமிழும் மெல்லிய அடுக்குதான் குவாண்டம் கிணறு. காலியம் ஆர்சனைடு 60 நானோமீட்டர், அலுமினியம் ஆர்சனைடு 70 நானோமீட்டர் என்று மாற்றி மாற்றி இருபது ஜோடிக்கு மேல் படியவைத்தால், குளிரவைத்த நிலையில் 850 நானோமீட்டர் ஒளியை 99 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும். வளர்க்கும்போது வேண்டுமென்றே தட்டைச் சுழற்றாமல் விட்டால் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலியும். குறைபாடு மாதிரித் தெரியும். எங்களுக்கு அதுதான் வசதி. மைக்ரோமீட்டர் திருகை ஒரு சுற்றுச் சுற்றிச் சாம்பிளில் அளக்கும் இடத்தை மாற்றினால், திரையில் தெரியும் நிறமாலையில் கேவிட்டியின் கூம்பு மெல்ல நகர்ந்து குவாண்டம் கிணற்றின் ஒளியை நோக்கிப் போகும். இரண்டும் சேரும் புள்ளியைப் பிடிப்பதில் பாதி நாள் கழியும்.

மீதிப் பாதி சூட்டோடு மல்லுக்கட்டுவது. சாம்பிள் உட்காரும் செம்புத் தாங்கியைத் தாராவியில் லேத் வைத்திருக்கும் ஒரு திருநெல்வேலி அண்ணாச்சியிடம்தான் கடைந்து வாங்குகிறேன். “தம்பி, மினுமினுன்னு இருக்கணுமா, இல்ல சமமா இருந்தாப் போதுமா?” என்றார் முதல் தடவையே. சமமாக இருப்பதுதான் முக்கியம். அடியில் இடைவெளி இருந்தால் சூடு இறங்காது. அப்போது கேவிட்டியின் அலைநீளம் ஒரு டிகிரிக்கு 0.1 நானோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நகரும், கிணற்றின் ஒளியோ அதைப்போல மூன்று நான்கு மடங்கு வேகத்தில் ஓடும். சேர்த்துவைத்த இரண்டும் பிரிந்து, வரைபடத்தில் இல்லாத வளைவுகள் முளைக்கும். நல்லவேளையாக, அந்தக் கூம்பே தெர்மாமீட்டரும்கூட. பம்ப் சக்தியை ஏற்றும்போது அது சிவப்புப் பக்கம் சாய்ந்தால் பம்பைத் துடிப்புகளாக வெட்டிக் கொடுப்பேன். (ஜூலை மாதத்தில், சாம்பிளைக் குளிர்விக்கும் கிரையோஸ்டாட்டின் ஜன்னலில் பனி படிவது தனிக் கதை. உலர்ந்த நைட்ரஜனை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும்.)

வளைவு கைவிட்டால் வேறு சாட்சிகள் வேண்டும். நிறமாலைக் கோடு மெலிகிறதா என்பது ஒன்று. 2017இல் நேச்சர் ஃபோட்டானிக்ஸ் இதழ், லேசர் என்று சொல்லி வரும் கட்டுரைகளுக்கு ஒரு சரிபார்ப்புப் பட்டியலே போட்டது. அதற்கு முன்பே போட்டிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். ஒளிர்வு கொஞ்சம் கூடியதுமே லேசர் என்று எழுதும் அவசரம் எங்கள் துறையில் நிறைய.

நான் அதிகம் நம்புவது ஃபோட்டான்கள் வந்துசேரும் விதத்தை. ஒளியை இரண்டாகப் பிரித்து இரண்டு டிடெக்டர்களுக்கு அனுப்பி, ஒரே நேரத்தில் இரண்டிலும் எத்தனை முறை பதிவாகிறது என்று எண்ணுவது. 1956இல் ஹான்பரி பிரவுனும் ட்விஸ்ஸும் காட்டிய முறை. தற்செயலாக எதிர்பார்க்கும் எண்ணிக்கையோடு ஒப்பிட்டு ஒரு மதிப்புப் போடுவோம். வெப்ப ஒளியில் ஃபோட்டான்கள் கும்பலாக வரும், மதிப்பு 2. லேசரில் 1. ஆனால் திரெஷோல்டுக்குக் கீழே அந்தக் கும்பல் சில பிகோவினாடிகளே நிலைக்கும். டிடெக்டர் அதைவிட மந்தமானால் கும்பல் கரைந்துபோய், லேசரே இல்லாத ஒளியும் 1 என்றே காட்டும். அதனால் யாராவது 1 என்ற எண்ணை மட்டும் நீட்டினால், டிடெக்டரின் வேகம் என்ன, பம்பைக் கூட்டும்போது அந்த மதிப்பு முதலில் மேடாக எழுந்து பிறகு தணிவது தெரிந்ததா என்று கேட்பேன். தெரியவில்லை என்றால் அந்தச் சாம்பிளைப் பிரகாசமான எல்.இ.டி. என்றுதான் என் நோட்டில் எழுதிவைப்பேன்.