குற்றாலம் மலையில் ஒரு யானை இறந்தால் என்ன ஆகும்?

சாரல் சீசனில் தென்காசி ரயில் நிலையத்தில் இறங்கியதும் எல்லோர் கண்ணும் மேற்கே போகும். மலையில் மேகம் இறங்கியிருந்தால் அருவியில் தண்ணீர் விழும் என்பது கணக்கு. அந்த மலையில் யானை, சிறுத்தை, கரடி, மிளா, காட்டுப்பன்றி எல்லாம் வாழ்கின்றன. வாழ்ந்தால் சாகவும்தானே வேண்டும்? ஆனால் வருஷா வருஷம் பேரருவியில் குளிக்கிறவர்களிடம் கேளுங்கள், செத்துக் கிடந்த ஒரு மிளாவைக்கூடப் பார்த்ததாகச் சொல்ல மாட்டார்கள். அப்படியென்றால் அந்த உடல்களெல்லாம் எங்கே போகின்றன?

செண்பகாதேவிக்கு மேலே, தேனருவிப் பக்கம் ஈரம் காயாத காடு. அங்கே ஒரு மிளா விழுந்தால் முதல் விருந்தாளி ஈ. கண், மூக்கு, வாய் ஓரங்களில் முட்டை வைக்கும். ஒரு நாளில் புழு வந்துவிடும். பிறகு காகம், உடும்பு, கீரி. சிறுத்தை தான் அடித்ததை மட்டும்தான் தின்னும் என்று நினைப்போம். செத்துக் கிடப்பதையும் அது விடாது. காட்டுப்பன்றி வந்தால் பாதி உடல் காணாமல் போகும். ஓடையில் விழுந்தால் மீனும் நண்டும் பார்த்துக்கொள்ளும். கடைசியாக மிஞ்சும் எலும்புக்கும் ஆள் உண்டு. முள்ளம்பன்றி எலும்பையும் உதிர்ந்த கொம்பையும் கொறிக்கும். சுண்ணாம்புச் சத்து கிடைக்கும், வளர்ந்துகொண்டே இருக்கும் பல்லும் தேயும்.

யானை கதை வேறு. 'யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்' என்பார்கள். 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி அந்தப் பொன் இப்போது அரசாங்கச் சொத்து. தந்தத்தை எடுத்து வீட்டில் வைத்தால் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை.

வடகரை, மேக்கரை பக்கம் தென்னந்தோப்புகளுக்கு யானைகள் இறங்கி வருவது வாடிக்கை. ஒரு யானை செத்துக் கிடக்கிறது என்றால் வனத்துறையும் கால்நடை மருத்துவரும் அந்த இடத்துக்கே போக வேண்டும். 3 டன் உடலை எங்கே தூக்கிப் போவது? மெட்டல் டிடெக்டர் வைத்துக் குண்டு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வாய்க்குள் அவுட்டுக்காய் வெடித்த காயம், தும்பிக்கையில் மின்சாரம் பாய்ந்த தழும்பு, எல்லாம் தேடப்படும். கல்லீரலும் இரைப்பையில் இருப்பதும் ஆய்வகத்துக்குப் போகும். தந்தம் இருந்தால் எடுத்து வனத்துறையின் பாதுகாப்பில் வைப்பார்கள். யானை எப்படிச் செத்தது என்பதற்குக் கடைசி சாட்சி அந்த உடல்தான். வேலியில் திருட்டு மின்சாரம் பாய்ச்சியவர் மாட்டுவதும் இதில்தான். காட்டை ஒட்டி மின்வேலி போடப் பதிவு வேண்டும் என்று 2023-ல் தமிழக அரசு விதி கொண்டுவந்தது.

பிறகு? ஊருக்குப் பக்கம் என்றால் ஜே.சி.பி. வைத்துக் குழி தோண்டிப் புதைப்பார்கள். புலி என்றால் தோல், பல், நகம் எதுவும் மிஞ்சாதபடி எரித்துவிடுவார்கள். அடைப்பான் நோய் என்று சந்தேகம் வந்தால் உடலைத் திறக்கவே கூடாது. அந்தக் கிருமி மண்ணில் பல வருஷம் உயிரோடு கிடக்கும்.

ஆழக் காட்டில் நோய் இல்லாமல் இறந்த விலங்கையும் புதைக்கத்தான் வேண்டுமா? மனிதருக்கு அடக்கம் மரியாதை; காட்டுக்கு அது சாப்பாட்டைப் பிடுங்குவது. முதுமலை, சத்தியமங்கலம் பக்கம் பிரேதப் பரிசோதனை முடிந்ததும் உடலை அப்படியே விட்டுவிடும் வழக்கம் இருக்கிறது. காரணம், பிணந்தின்னிக் கழுகுகள். பாறு, எருவை என்று பழந்தமிழில் பேர் பெற்ற பறவைகள்.

சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே கழுகுமலை இருக்கிறது. ஜடாயுவின் அண்ணன் சம்பாதி முருகனை வழிபட்ட இடம் என்பது தலபுராணம். பெயர் மலையில் நிற்கிறது, பாறுகளைத்தான் காணோம். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து, செத்த மாட்டின் கறி வழியாகக் கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 2004-ல் காரணம் தெரிந்தது, 2006-ல் கால்நடைக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. அதற்குள் இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் போய்விட்டன. ஒரு கூட்டம் இறங்கினால் சில மணி நேரத்தில் ஒரு மாட்டை எலும்பாக்கிவிடும். அந்த வேலையை இன்று தெருநாய் செய்கிறது. பின்னாலேயே வெறிநாய்க்கடியும் வருகிறது.

குற்றாலம் போகிறவர்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். வழியில் மயில் செத்துக் கிடந்தால் தோகை அழகாக இருக்கிறதே என்று பிடுங்காதீர்கள். தானாக உதிர்ந்த இறகு வேறு, செத்த மயிலின் தோகை வேறு, இரண்டாவது வழக்கு. குரங்கு அடிபட்டுக் கிடந்தால், ஆஞ்சநேயர் என்று மாலை போட்டுப் புதைக்க ஆசை வரும். அதற்கு முன்னால் வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள், கையால் தொடாதீர்கள். அந்தக் குரங்கு சாலைக்கு வந்தது பெரும்பாலும் காரிலிருந்து யாரோ நீட்டிய நேந்திரங்காய் சிப்ஸுக்காக. பாக்கெட்டைப் பையிலேயே வைத்திருந்தால் அது மரத்திலேயே இருந்திருக்கும்.