"ஓகே" வந்தால் மெயில் போய்விட்டதா?

பிக்கட்டி, மஞ்சூர் பக்கம் மழைக்காலத்தில் கரண்ட் போவதும் சிக்னல் போவதும் புதிதல்ல. 2019 ஆகஸ்டில் அதே குந்தா மலைப் பகுதியில் உள்ள அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படி ஒரு ராத்திரியில், தேயிலைச் சரிவில் ஒரு மழைமானியும் சின்னக் கேமராவும் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அது எடுத்த படம் ஊரில் இருப்பவருக்கு மெயிலில் வரவேண்டும். அங்கே கம்ப்யூட்டர் கிடையாது. இருப்பது ஒரு மைக்ரோகன்ட்ரோலர், சிம் கார்டு போட்ட ஒரு மோடம், அவ்வளவுதான்.

அந்த மோடத்தோடு பேசும் பாஷை ரொம்பப் பழசு. 1981-ல் ஹேய்ஸ் கம்பெனி கொண்டுவந்த ஸ்மார்ட்மோடத்தின் வழக்கம்தான் இன்னும் ஓடுகிறது. ஒவ்வொரு கட்டளையும் 'ஏ', 'டி' என்ற இரண்டு எழுத்தில் தொடங்கும். 'அட்டென்ஷன்' என்பதன் சுருக்கம். அதாவது, "இங்கே கவனி!" மோடம் "ஓகே" என்றோ "எரர்" என்றோ பதில் சொல்லும்.

இன்றைய மெயில் அனுப்பும் முறைக்கும் கிட்டத்தட்ட அதே வயசு. 1982-ல் வகுத்த எஸ்எம்டிபி முறை வெறும் ஆங்கில எழுத்துகளை மட்டும் சுமக்கத் தெரிந்தது. படம் எப்படிப் போகும்? 1992-ல் போரன்ஸ்டீனும் ஃப்ரீடும் 'மைம்' முறையைக் கொண்டுவந்தார்கள். அதில் வரும் 'பேஸ்64' மூன்று பைட்டை நான்கு எழுத்தாக மாற்றும். 30,000 பைட் படம் 40,000 எழுத்தாகிவிடும். மூன்றில் ஒரு பங்கு கூடுதல் சுமை!

இனிதான் சிக்கல். பழைய ஆர்டுயினோ யூனோவின் ரேம் 2 கேபி. முழுப் படத்தையும் அதில் வைக்கவே முடியாது. அதனால் மெமரி கார்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துத் தரவேண்டும். சிம்900 வகை மோடத்தில் சர்வர், அனுப்புநர், பெறுநர், தலைப்பு, ஃபைல் பெயர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டளை. கடைசியில் 'அனுப்பு' என்றதும் மோடமே கேட்கும்: "இப்போது 1360 பைட் வாங்கிக்கொள்கிறேன், கொடு." கொடுத்தால் மறுபடி கேட்கும். நம் படத்துக்கு 23 தடவை. தீர்ந்ததும் நீளம் பூஜ்யம் என்று சொன்னால் முடிந்தது.

முடிந்ததா? இல்லை. பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். ஒவ்வொரு கட்டளைக்கும் வரும் "ஓகே"வுக்கு, "நீ சொன்னது புரிந்தது" என்று மட்டுமே அர்த்தம். மெயிலின் உண்மையான முடிவு பின்னால் தனி வரியாக வரும். 1 வந்தால் வெற்றி. 61 என்றால் நெட்வொர்க் கோளாறு. 67 என்றால் பாஸ்வேர்டு ஏற்கப்படவில்லை. "ஓகே"வைப் பார்த்ததும் கார்டிலிருந்து படத்தை அழிக்கும் புரோகிராம், பதினைந்தாவது துண்டில் சிக்னல் போனால் படத்தையே தொலைத்துவிடும்.

மலையில் இது அடிக்கடி நடக்கக்கூடியது. சிக்னல் குறையக் குறைய மோடம் அதிகச் சக்தியோடு அனுப்பும். கரண்ட் 2 ஆம்பியர் வரை எகிறும். பேட்டரி சோர்ந்திருந்தால் மோடம் பாதியில் அணைந்துபோகும்.

இன்னொன்று: 2022 மே மாதத்திலிருந்து ஜிமெயில் இந்த மாதிரிக் கருவிகளைச் சாதாரண பாஸ்வேர்டோடு உள்ளே விடுவதில்லை. தனி ஆப் பாஸ்வேர்டும் என்க்ரிப்ஷனும் வேண்டும். பழைய மோடம் பலவற்றுக்கு அது வராது. நடுவில் ஒரு சொந்த சர்வர் வைப்பது ஒரு வழி.

ஆகவே, 1 வரும்வரை படத்தை அழிக்கக் கூடாது. வராவிட்டால் முதலிலிருந்து அனுப்பவேண்டும். அந்த 1-கூட, சர்வர் வாங்கிக்கொண்டது என்பதற்குத்தான் சாட்சி. யாரோ படித்தார்கள் என்பதற்கு இல்லை. ஒவ்வொரு மெயிலுக்கும் வரிசை எண் போட்டால் 41-க்கு அப்புறம் 43 வரும்போது நடுவில் ஒன்று விடுபட்டது தெரியும். மழை இல்லாவிட்டாலும் மணிக்கொரு மெயில் வரவேண்டும்.

2009 நவம்பரில் நீலகிரி நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த மாதிரி மழையில் முதலில் அறுந்துபோவது தகவல் தொடர்புதான். மெயில் வரவில்லையே, அப்படியானால் மழை இல்லை என்று கீழே இருப்பவர் நினைத்துவிட்டால் கருவி வைத்ததே வீண். மெயில் நின்றுபோவதையும் ஒரு எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளத் தெரிந்திருக்க வேண்டும்.