அக்கரையில் நிற்கும் கோபுரம்

டான்யூப் கரையில் இருக்கும் பிராட்டிஸ்லாவா 1993 முதல் ஸ்லோவாக்கியாவின் தலைநகர். அதன் மவுசு அதைவிடப் பழையது. 1563 முதல் 1830 வரை ஹங்கேரி அரசர்கள் முடிசூடியது இந்த ஊரின் புனித மார்ட்டின் பேராலயத்தில்தான். மரியா தெரேசாவும் 1741இல் இங்கேதான் முடிசூடினார். ஆனாலும் ஊருக்கு இன்று அடையாளமாகிவிட்டது ஒரு பாலம். உச்சியில் பறக்கும் தட்டைப் போன்ற உணவகத்தைச் சுமந்து நிற்கும் அந்தப் பாலம் 1972 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. நாஜிகளை எதிர்த்து 1944இல் நடந்த ஸ்லோவாக் தேசிய எழுச்சியின் பெயரை அதற்கு வைத்தார்கள். 1993இல் ‘புதிய பாலம்’ என்று மாற்றி, 2012இல் பழைய பெயரையே திரும்பக் கொடுத்தார்கள். இந்தப் பாலத்தால் ஊர் வளர்ந்தது என்பார்கள் சிலர்; பழைய நகரை விழுங்கியதே இதுதான் என்பார்கள் சிலர். இரண்டும் நடந்தவைதான். ஆனால் முன்னதற்குக் கொடுத்தே தீரவேண்டிய விலை பின்னது என்று சொல்லும்போது என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

முதலில் பாலத்தின் கட்டமைப்பைப் பார்க்கவேண்டும். ஆற்றுக்குள் ஒரு தூண்கூடக் கிடையாது. 303 மீட்டர் நீளமுள்ள முதன்மைப் பகுதியை இரும்பு வடங்களே தாங்குகின்றன. அந்த வடங்களைப் பிடித்திருப்பது ஒரே ஒரு கோபுரம், அதுவும் பழைய நகருக்கு எதிரே, பெட்ர்ஷல்கா பக்கத்துக் கரையில். இரண்டு கால்களை ஊன்றிப் பின்புறமாகச் சாய்ந்து நிற்கிறது அது. முன்னால் பாலத்தின் பாரம் இழுக்க, கோபுரத்தின் சாய்வும், பின்னால் கரையோடு பிணைத்த வடமும் அந்த இழுப்பை ஈடுகட்டுகின்றன. வடங்கள் பாலத்தின் நடுக்கோட்டில் ஒரே வரிசையாக இறங்குவதால், ஒரு பக்கம் மட்டும் வண்டிகள் நிறைந்தால் தளம் முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் தளத்தை எஃகுப் பெட்டியாகச் செய்தார்கள். மேலே வண்டிகள் ஓட, நடப்பவர்களும் மிதிவண்டிக்காரர்களும் அதற்குக் கீழேயுள்ள தனிப்பாதையில் போகிறார்கள். கோபுரத்தின் ஒரு காலுக்குள் மின்தூக்கி, மற்றதற்குள் படிக்கட்டு. பொறியாளர் ஆர்பாட் டெசாரும், யோசெஃப் லாட்ஸ்கோ உள்ளிட்ட கட்டடக் கலைஞர்களும் சேர்ந்து செய்த வேலை இது. கோட்டையும் பேராலயமும் நிற்கும் இக்கரையின் வான்கோட்டில் மூன்றாவதாக ஒன்று போட்டிக்கு நிற்காமல், கோபுரம் அக்கரைக்குப் போய்விட்டது. பழைய நகருக்கு இவ்வளவு இடம் கொடுத்த வடிவத்தை அதன் எதிரி என்று சொல்வது எப்படிப் பொருந்தும்?

அழிவு நேர்ந்தது பாலம் இக்கரையில் வந்து இறங்கும் இடத்தில். வண்டிகளை ஊருக்குள் கொண்டுபோக, கோட்டைக் குன்றின் அடிவாரத்துக்கும் பேராலயத்துக்கும் நடுவே அகலச் சாலை ஒன்றைப் போட்டார்கள். அதற்காகக் குன்றடியில் இருந்த யூதர் குடியிருப்பின் பெரும்பகுதி இடிபட்டது. பேராலயத்தின் பக்கத்திலேயே மூரிய பாணியில் எழுந்து நின்ற நியோலாக் என்ற யூதப் பிரிவினரின் தொழுகைக்கூடம் 1969இல் தரைமட்டமானது. பழைய படங்களில் இரண்டு வழிபாட்டிடங்களும் அடுத்தடுத்து நிற்கின்றன. இன்று அந்த இடத்தில் இருப்பது கருங்கல் சுவர் ஒன்று. இடித்த கூடத்தின் உருவக்கோடு அதில் செதுக்கியிருக்கிறது. மிஞ்சிய பேராலயத்தையும் சாலை நிம்மதியாக விடவில்லை. அதன் சுவருக்குச் சில மீட்டர் தள்ளியே வண்டிகள் ஓடுகின்றன. அந்த அதிர்வு பழைய கட்டடத்துக்குக் கேடு என்ற கவலை நெடுநாளாக இருக்கிறது.

அந்தக் குடியிருப்பு அப்போதே பாழடைந்துதான் கிடந்தது, அதற்காகவா அழுவது என்று கேட்பவர்கள் உண்டு. பாழடைந்தது உண்மை. ஆனால் அது ஏன் பாழடைந்தது? 1942இல் தொடங்கிய நாடுகடத்தலில் ஸ்லோவாக்கியாவின் யூதர்கள் மரண முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். வீட்டுக்காரர்கள் திரும்பி வராத வீடுகளை யார் பழுதுபார்ப்பார்கள்? ஒரு குற்றத்தின் விளைவையே அடுத்த இடிப்புக்குக் காரணமாகக் காட்டுவது நியாயமாகாது. வலுவான மறுப்பு வேறொன்று இருக்கிறது. அதுவரை ஊருக்கு இருந்தது ஒரே பாலம். அக்கரையில் பெட்ர்ஷல்காவை அடுக்குமாடி நகராக எழுப்பவேண்டியிருந்தது. இன்று ஒரு லட்சம் பேருக்கு மேல் அங்கே வாழ்கிறார்கள். இரண்டாவது பாலம் இல்லாமல் அத்தனை பேர் எப்படி ஆற்றைக் கடப்பார்கள்? இதை முழு மனதோடு ஏற்கிறேன். ஆனால் இது பாலம் வேண்டும் என்பதற்குச் சான்று. பேராலயத்தின் வாசலையொட்டி நெடுஞ்சாலை வேண்டும் என்பதற்குச் சான்றாகாது. பின்னால் வந்த துறைமுகப் பாலமும், லாஃப்ரான்கோனி பாலமும், 2005இல் திறந்த அப்பல்லோ பாலமும் பழைய நகரின் நடுவைத் தொடாமலே டான்யூபைக் கடக்கின்றன. வேறு இடம் இருந்தது என்பதற்கு இவையே சாட்சி. அந்தக் காலத்தில் ஐரோப்பா முழுவதும் ஊர்நடுவே அகலச் சாலைகளை ஓட்டினார்கள், இவர்களை மட்டும் குறை சொல்வானேன் என்றும் கேட்கலாம். இந்த முடிவு எப்படி வந்தது என்பதை அது விளக்கும், அவ்வளவுதான்; முடிவைச் சரியென்று ஆக்கிவிடாது.

2001இல் பாலங்கள் பிரிவில் ஸ்லோவாக்கியாவின் நூற்றாண்டுக் கட்டடம் என்ற பட்டம் இதற்குக் கிடைத்தது. தகுதியான பட்டம், அதைப் பறிக்க யாரும் முனையவேண்டாம். செய்யவேண்டிய வேலை இக்கரைச் சாலையில் இருக்கிறது. கடந்து போகும் வண்டிகளுக்கு மற்ற பாலங்கள் வந்துவிட்டன. பெட்ர்ஷல்காக்காரர்கள் ஊருக்குள் வர, புதுப்பித்த பழைய பாலத்தின் வழியே 2016 முதல் டிராம் ஓடுகிறது. பேராலயத்தின் ஓரமாகப் போகும் தடங்களைக் குறைத்து, வேகத்தையும் கட்டுப்படுத்தி, அங்கே நடப்பவர்களுக்கு இடம் விடலாம். பாலத்தின் ஒரு வடத்தையும் தொடாமலே இதைச் செய்துவிடலாம்.